வெயிலில் நிற்குமா? கோடை லிப்ஸ்டிக், ஐஷேடோ விமர்சனம் எழுத வரும் புதியவர்களுக்கு

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு லிப்ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் நிறத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். முதல் கேள்வி, "இது வேர்த்தா நிக்குமுங்களா அக்கா?" என்பதுதான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம், வாளையார் எல்லாம் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருப்பதால் கிழக்கே இருந்து வறண்ட காற்று தடையில்லாமல் உள்ளே வரும், மார்ச் ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவளுக்கு, ஏசி அறையில் ரிங் லைட் முன்னால் இருந்துகொண்டு "செம்ம ஷேடு, வாங்கிடுங்க" என்று சொல்லும் விமர்சனத்தால் என்ன பயன்?

அதனால்தான் சொல்கிறேன், நம் ஊர் வெயிலில் போட்டுப் பார்த்து, நம் நிறத்தில் எப்படித் தெரிகிறது என்று தமிழில் எழுத இன்னும் நிறையப் பேர் வேண்டும். பெரிய கேமரா தேவையில்லை, நூறு பொருள் வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு லிப்ஸ்டிக், பல நிற ஐஷேடோ அடங்கிய ஒரு சிறிய பேலட், ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை. இதை வைத்தே நல்ல விமர்சனம் எழுதலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யாருக்கு எழுதுகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் தொடங்கினால் எழுத்து அங்கும் இங்கும் அலையும். என் மனதில் இருப்பவள் சித்திரை ஒன்றுக்கும் விஷுவுக்கும் சேர்த்து ஒரே ஒரு லிப்ஸ்டிக் வாங்கப் போகிறவள். அவளிடம் 300 ரூபாய் இருக்கிறது. அதே லிப்ஸ்டிக்கைத்தான் நென்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்கும், மே மாத முகூர்த்தங்களுக்கும், திங்கட்கிழமை வேலைக்கும் போடுவாள். ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும் அந்த வேலாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டப்பகலில் யானை வரிசைக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். அங்கே மதியம் மூன்று மணிக்கும் முகத்தில் ஒழுங்காக இருக்கிற பொருள்தான் கோடைப் பொருள். உங்கள் வாசகி வேறு ஆளாக இருக்கலாம், கல்லூரிப் பெண், கல்யாணப் பெண், ஆசிரியை, யாராகவும் இருக்கட்டும். ஒருத்தியை நினைத்துக்கொண்டு எழுதுங்கள், அது போதும்.

கடையிலேயே வேலை தொடங்கிவிடும்

பொருளைத் திறக்கும் முன் அட்டையைப் படியுங்கள், படமும் எடுத்து வையுங்கள். உறையைத் தூக்கிப் போட்ட பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. தயாரித்த தேதி, பேட்ச் எண், உரிம எண், எடை, எம்ஆர்பி, இவ்வளவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவையும் அட்டையில் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். மிகப் பிரபலமான ஒரு வெளிநாட்டு பிராண்டின் பேலட் சந்தையில் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அட்டையில் இறக்குமதியாளர் பெயர் எதுவும் இல்லை என்றால் அது பெரும்பாலும் போலிதான். அதை அசல் பெயரில் விமர்சனம் செய்யாதீர்கள், கண்ணில் போட்டும் பார்க்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

திறந்த டப்பா போன்ற சின்னப் படத்துக்குள் 12எம், 24எம் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று பொருள். அதனால் திறந்த தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள்.

பொருட்களின் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும், நிறமிகள் கடைசியில் எண்களாக இருக்கும். சிஐ 77491 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு, சிஐ 77891 என்றால் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை, சிஐ 75470 என்றால் கார்மைன். இந்தக் கார்மைன் ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சைவமாக இருக்கிறவர்கள் உதட்டில் போட விரும்பமாட்டார்கள், ஆகவே விமர்சனத்தில் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. நிறமிகளுக்கு முன்னால் கூட்டல் கழித்தல் குறி இருந்தால், அந்த வரிசையின் எல்லா ஷேடுக்கும் பொதுவான பட்டியல் அது. உங்கள் கையில் இருக்கும் ஷேடில் அவை எல்லாம் இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

விலையை கிராமுக்குக் கணக்குப் போடுங்கள். சாதாரண லிப்ஸ்டிக்கில் 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். 3.5 கிராம் 350 ரூபாய் என்றால் கிராம் 100 ரூபாய், 1 கிராம் மட்டுமே உள்ள குட்டி லிப்ஸ்டிக் 149 ரூபாய் என்றால் அதுதான் விலை அதிகம். பார்க்கும்போது மலிவு மாதிரி தெரியும். இந்த ஒரு வரியை எழுதினாலே வாசகிக்குப் பணம் மிச்சம்.

கடையில் வைத்திருக்கும் டெஸ்டரை நேராக உதட்டில் போடவே கூடாது. உதட்டுப் புண் பரவ அதுவும் ஒரு வழி. டிஷ்யூவால் மேல்பகுதியைத் துடைத்துவிட்டு விரல் நுனியில் தேய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தைவிட விரல் நுனியின் நிறம் நம்மில் பலருக்கு உதட்டு நிறத்துக்குப் பக்கமாக வரும்.

போடுவதற்கு முன் ஒரு நாள்

புதுப் பொருளை முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் உதட்டுக்கோ இமைக்கோ கொண்டுபோக வேண்டாம். உதட்டில் ஒவ்வாமை எப்போதும் எரிச்சலாகத்தான் வரும் என்றில்லை. சிலருக்கு ஓரங்கள் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே போகும். அதை வெயிலின் மேல் பழி போட்டு அதே பொருளைத் தொடர்ந்து போடுகிறவர்கள் உண்டு. நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

லிப்ஸ்டிக்கின் வகை தெரிந்தால் எதைச் சோதிப்பது என்று தெரியும்

குச்சி வடிவ லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும். பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெய் இருக்கும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், கார்னோபா என்ற பனை மெழுகுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே 40 டிகிரி வெயிலில் லிப்ஸ்டிக் மொத்தமாக உருகிவிடாது. ஆனால் எண்ணெயோடு சேர்ந்த மெழுகு அதற்கு முன்பே இளகும். ஸ்கூட்டர் டிக்கியிலோ நிறுத்திவைத்த காரிலோ மதியம் முழுக்கக் கிடந்த லிப்ஸ்டிக்கைத் திறந்து பாருங்கள். குச்சியின் மேல் பொடிப்பொடியாக எண்ணெய் முத்துகள் நிற்கும், தொட்டால் வழவழவென்று இருக்கும், அதிகமாகத் திருகினால் அடியோடு சாய்ந்துவிடும். அந்த முத்துகளைப் பார்த்ததும் கெட்டுப்போய்விட்டது என்று எழுதாதீர்கள். சூட்டில் எண்ணெய் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். டிஷ்யூவால் ஒற்றியெடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் பழைய நிலைக்கு வரும். பழைய எண்ணெய் வாடை அடித்தால்தான் தூக்கிப் போட வேண்டும். எங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம், எந்தக் குச்சி சீக்கிரம் வேர்க்கிறது என்பதை நான் எப்போதும் குறிப்பிடுவேன்.

திரவமாகப் பூசி, காய்ந்ததும் பளபளப்பில்லாமல் நிற்கும் லிக்விட் மேட் வேறு ஆள். அதில் ஐசோடோடெகேன் மாதிரி ஆவியாகிற ஒரு கரைப்பான் இருக்கும். அது போனதும் சிலிகோன் பிசின் மெல்லிய படலமாக உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வேர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாது, எண்ணெய் பட்டால் விட்டுவிடும். வறண்ட காற்றில் உதடும் காய்ந்து, மேலே படலமும் காய்ந்து, சிரித்தால் நடுவில் சுண்ணாம்புச் சுவர் உதிர்கிற மாதிரி உதிரும். ஆகவே லிக்விட் மேட்டுக்கு முக்கியமான சோதனை வெயில் அல்ல, சாப்பாடு.

டின்ட் உதட்டுத் தோலிலேயே கறையாக ஏறும், அதனால் மேலே உள்ளது போனாலும் சாயம் நிற்கும். கோடைக்கு எனக்குப் பிடித்தது இதுதான், கனமே தெரியாது. ஆனால் உதட்டில் தோல் உரிந்திருந்தால் அங்கே திட்டாகப் பிடிக்கும். பளபளக்கும் லிப் கிளாஸ், லிப் ஆயில் எல்லாம் பார்க்க அழகு, எங்கள் காற்றில் தலைமுடியும் புழுதியும் வந்து ஒட்டும். பஸ் பயணிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. "உங்கள் உதட்டுக்கு ஏற்ப நிறம் மாறும்" என்று விற்கிற லிப் பாம்களில் பெரும்பாலும் சிஐ 45410 என்ற சாயம் இருக்கும். மெழுகில் நிறமில்லாமல் இருந்து, உதட்டின் ஈரம் பட்டதும் பிங்க்காக மாறுகிற சாயம் அது. யார் போட்டாலும் பிங்க்தான், ஆளுக்கொரு நிறம் எல்லாம் வராது. இதையும் எழுதிவிடுங்கள்.

எஸ்பிஎஃப், அதாவது வெயில் பாதுகாப்பு அளவு போட்ட லிப் பாம் என்றால் அட்டையில் உள்ள எண்ணை மட்டும் சொல்லுங்கள். அது உண்மையா என்று வீட்டில் சோதிக்க வழியே இல்லை. வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், சாப்பிட்டாலும் பூச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு முழு நாள் உதட்டோடு

விமர்சனத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடையில் போட்டுப் பார்த்து அன்றைக்கே எழுதுவது விமர்சனம் ஆகாது. ஒரு சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாள் வேண்டாம்.

காலையில் பல் துலக்கியதும் ஒன்றும் போடாத உதட்டைப் படம் எடுங்கள். நம்மில் பலருக்கு மேலுதடு கருத்தும் கீழுதடு வெளிறியும் இருக்கும். ஒரே ஷேடு இரண்டிலும் இரண்டு நிறமாக விழும். ஒரு கோட் போட்டு ஒரு படம், இரண்டாவது கோட் போட்டு ஒரு படம். எத்தனையாவது கோட்டில் மேலும் கீழும் ஒன்றாகிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள். மாடலின் உதட்டுப் படத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம் நேரத்தைக் குறித்துக்கொண்டு நாளைத் தொடங்குங்கள். டீ டம்ளரின் விளிம்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் நன்றாகத் தெரியும். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் முதல் பரீட்சை. மதியம் ரசம் சோறு லேசான பரீட்சை. சாயந்தரம் டீக்கடையில் சுடச்சுட ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) சாப்பிடுங்கள், எந்த லிக்விட் மேட்டையும் நம்பலாமா வேண்டாமா என்று அது சொல்லிவிடும், ஏனென்றால் எண்ணெய் நேராக உதட்டின் உள்விளிம்பில் படுகிறது. முதலில் போவது அந்த உள்விளிம்புதான். நடுவில் போய் ஓரத்தில் மட்டும் கோடு மாதிரி நிற்கிறதா, இல்லை எல்லா இடத்திலும் சமமாக மங்குகிறதா என்பது மிக முக்கியம். சமமாக மங்குகிற லிப்ஸ்டிக் நான்கு மணி நேரம்தான் நின்றாலும் நான் அதையே நல்லது என்பேன். வெளியில் இருக்கும்போது கண்ணாடி இல்லாமல் விரலாலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் நின்றும் நடுவில் ஓட்டை விழுகிற பொருளைச் சரிசெய்ய, முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

வேர்வையையும் மறக்காதீர்கள். மேலுதட்டின் மேல் முத்து முத்தாக வேர்க்கும்போது கைக்குட்டையால் ஒற்றினால் சாயம் வருகிறதா? உதட்டைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகளில் கசிகிறதா? நாற்பது வயதைத் தாண்டிய வாசகிகள் முதலில் கேட்பது இதைத்தான், யாரும் எழுதுவதில்லை.

ராத்திரி கழுவுவதும் சோதனையில் சேர்த்திதான். வெறும் தேங்காய் எண்ணெயில் வருகிறதா, எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கிறது, கழுவிய பின் உதடு எரிகிறதா, மறுநாள் காலை தோல் உரிகிறதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையே இன்னொரு நாள், வேறு மாதிரி வானிலையில் செய்யுங்கள். மார்ச்சில் எங்கள் பக்கம் காற்று வறண்டு கிடக்கும், உதடு வெடிக்கும். ஏப்ரல் கடைசியில் இடிமழைக்கு முந்தைய சாயந்தரங்களில் புழுக்கம் ஆளைக் கொல்லும். கொச்சிக்குப் போனால் நாள் முழுக்கவே அப்படித்தான். ஒரே பொருள் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எந்த ஊர், எந்த மாதம், அன்றைக்கு வெயில் எவ்வளவு என்று எழுதாமல் "நன்றாக நிற்கிறது" என்று மட்டும் எழுதினால் சென்னைக்காரிக்கும் பயன்படாது, மூணாறுக்காரிக்கும் பயன்படாது.

நம் நிறமும் கோடை நிறங்களும்

கோடை வந்தால் கோரல், பீச், தர்பூசணி பிங்க், ஆரஞ்சு என்று ஷேடுகள் வந்து குவியும். இவற்றில் பலவற்றில் வெள்ளை நிறமி அதிகம். வெளிறிய தோலில் பீச்சாகத் தெரிவது மாநிறத்திலும் கருத்த நிறத்திலும் சாம்பல் பூத்துத் தெரியும். குற்றம் நம் நிறத்தில் இல்லை, யாருக்காக அந்த ஷேடைக் கலந்தார்களோ அதில் இருக்கிறது. இதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். அதே கோரலில் கொஞ்சம் செங்கல் நிறம் கலந்தது, ஆரஞ்சில் கொஞ்சம் சிவப்பு ஏறியது, பிங்க்கில் ராணி கலர் பக்கம் போவது, இவை நமக்குப் பளிச்சென்று எடுக்கும். நியூட் என்று விற்கும் பழுப்பு மஞ்சள் ஷேடு பலருக்கு முகத்தையே நோயாளி மாதிரி காட்டும், நமக்கு நியூட் என்பது காப்பிப் பொடி, வெல்லம் பக்கத்து நிறங்கள்.

உங்கள் நிறத்தைச் சொல்லும்போது "மாநிறம்" என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தச் சொல்லுக்குள் பத்து நிறம் இருக்கிறது. நீங்கள் ஃபவுண்டேஷன் போடுகிறவராக இருந்தால் அதன் பிராண்டையும் ஷேடு எண்ணையும் எழுதுங்கள், படிக்கிறவள் தன்னோடு ஒப்பிட்டுக்கொள்வாள். கையில் நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன் என்ற தோலின் அடிநிறத்தைக் கண்டுபிடிக்கும் முறை கருத்த தோலில் சரியாகத் தெரியாது. தங்கத் தோட்டையும் வெள்ளித் தோட்டையும் காதில் வைத்துப் பார்த்து எது முகத்துக்கு எடுக்கிறது என்று சொல்வது அதைவிட மேல்.

சக தோழிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தில் வித்தியாசமாக இருக்கும் இரண்டு மூன்று பேர் கையில் ஒரே ஷேடைத் தேய்த்து ஒரே வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், நீங்கள் எழுதும் நான்கு பத்திக்குச் சமம். அவர்கள் சம்மதம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரே லிப்ஸ்டிக்கை ஆளுக்காள் உதட்டில் மட்டும் போட வேண்டாம், கையோடு போதும்.

ஐஷேடோ பேலட்: தொட்டுப் பார்ப்பதிலிருந்து மாலை வரை

ஐஷேடோ என்பது டால்க், மைக்கா, நிறமி எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெய் அல்லது சிலிகோன் பிணைப்பில் அழுத்திச் செய்த தூள். பிணைப்பு குறைந்தால் பிரஷ் பட்டதும் புகையாகக் கிளம்பும், கூடினால் நிறமே எடுக்காது. முதலில் சுத்தமான விரலால் ஒருமுறை மட்டும் இழுத்துக் கையில் தேயுங்கள், பிறகு பிரஷால் அதேபோல் ஒருமுறை. விரலில் அட்டகாசமாகத் தெரிந்து பிரஷில் ஒன்றும் வராத ஷிம்மர்கள், அதாவது மினுமினுக்கும் ஷேடுகள், நிறைய. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுங்கள். மூன்று நான்கு தடவை தேய்த்துவிட்டு "ஒரே ஸ்வைப்" என்று எழுதுவது வாசகியை ஏமாற்றுவது.

கையில் தெரிவது வேறு, இமையில் தெரிவது வேறு. இமையில் எண்ணெய்ப் பசை உண்டு, நிமிடத்துக்குப் பல முறை மடிகிறது, போதாக்குறைக்கு நெற்றி வேர்வை வழிகிறது. ஒரு கண்ணில் பிரைமர் (ஷேடு நிற்பதற்கு முதலில் பூசுவது) போட்டும் இன்னொரு கண்ணில் போடாமலும் அதே ஷேடைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, நான்கு மணி நேரம் கழித்து, மாலையில் என்று கண்ணை மூடியபடி படம் எடுங்கள். மடிப்பில் கோடாகச் சேர்கிறதா, மங்குகிறதா, கன்னத்துக்கு இறங்குகிறதா? பிரைமர் இல்லாத கண் நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தால் அந்தப் பேலட்டை எங்கள் ஊருக்குத் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் பாதிப் பேர் பிரைமர் வாங்குவதில்லை.

தூள் கொட்டுவதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கன்னத்தில் எதுவும் போடாமல் முதலில் கண் மேக்கப்பைப் போட்டு முடியுங்கள், முடிந்ததும் கண்ணுக்குக் கீழே படம் எடுங்கள். கருநீலமோ மயில் பச்சையோ கன்னத்தில் சிதறியிருந்தால் அப்படியே தெரியும்.

கோடைப் பேலட்டுகளில் மாலை வானத்து ஆரஞ்சு, தங்கம், செம்பு, மயில் பச்சை, பளீர் மஞ்சள் எல்லாம் இருக்கும். செம்பும் வெண்கலமும் நம் நிறத்துக்கென்றே பிறந்தவை, பெரும்பாலும் ஏமாற்றாது. வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் போன்றவற்றைத்தான் கவனித்துச் சோதிக்க வேண்டும், லிப்ஸ்டிக்கில் சொன்ன அதே சாம்பல் பிரச்சினை இங்கே இன்னும் அதிகம். பளீர் நியான் பிங்க், சிவப்பு நிறங்களின் கீழே "கண் பகுதிக்கு அல்ல" என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். சில சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அமெரிக்கா போன்ற நாடுகளில் அனுமதி இல்லை, அதனால் "பிரெஸ்டு பிக்மென்ட்" என்று பெயரிட்டு விற்பார்கள். பேலட் வடிவத்தில் இருக்கிறதே என்று இமையில் போடக் கூடாது. கைவினைக்கு விற்கும் கிளிட்டரையும் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம், கருவிழியைக் கீறிவிடும்.

சில நாள் விரலால் எடுத்த பிறகு ஒரு ஷேடின் மேல் பளபளவென்று ஒரு படலம் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் நிறம் வராமல் போவதைப் பார்க்கலாம். விரலின் எண்ணெய் தூளோடு சேர்ந்து இறுகிப்போனது அது. செல்லோ டேப்பை மெல்ல ஒட்டி எடுத்தால் படலம் அதோடு வந்துவிடும், அடியில் புதுத் தூள் இருக்கும். வாங்கிய முதல் நாள் விமர்சனத்தில் இது தெரிய வராது. ஒரு மாதம் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

விலைக் கணக்கு பேலட்டில் வேறு. 18 நிறத்துக்கு 900 ரூபாய் என்றால் ஒன்று 50 ரூபாய் என்று குதிக்காதீர்கள். அதில் ஆறைத்தான் தொடுவீர்கள் என்றால் ஒன்று 150 ரூபாய். எதெதைத் தொட்டீர்கள், எது அப்படியே கிடக்கிறது என்று பேலட்டின் படத்தோடு சொல்லுங்கள்.

படம்

ஃபோனில் பியூட்டி மோடை முதலில் அணையுங்கள். ஃபில்டர் போட்ட லிப்ஸ்டிக் படத்துக்கு மதிப்பே இல்லை. காலை பத்து மணிக்கு முன் திண்ணையிலோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ, நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் சுவருக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்திருப்பார்கள், அந்த நிறம் முகத்தில் ஏறி ஷேடையே மாற்றிவிடும், ஆகவே சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள், வெள்ளைச் சட்டையோ வெள்ளைத் துண்டோ நல்லது. ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று படிக்கிறவர்களுக்கே தெரியும். கருத்த முகத்தை ஃபோன் தானாக வெளிச்சமாக்கும், திரையில் ஷேடின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு படமும் சேர்த்துப் போடுங்கள், கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் தெரியப்போகிறது.

எழுதும்போது

முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள்: யார் வாங்கலாம், யார் வேண்டாம், என்ன விலை. கீழே வரை யாரும் படிக்காவிட்டாலும் அது போய்ச் சேரும். பிறகு உங்கள் நிறம், உதடு, இமை எண்ணெய்ப் பசையா வறட்சியா என்ற விவரம், ஊர், மாதம். அதற்கப்புறம் மணிக்கணக்கில் நடந்தது. நிறுவனம் சொன்னதையும் நீங்கள் பார்த்ததையும் கலக்காதீர்கள். "24 மணி நேரம் என்று அட்டையில் இருக்கிறது, எனக்கு மதியச் சாப்பாடு வரை நின்றது" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எதற்கு ஒன்றைக் குறைத்தீர்கள் என்பதுதான் வாசகிக்கு வேண்டும்.

பிடிக்காத பொருளையும் எழுதுங்கள். திட்ட வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். "உதிர்ந்தது" என்று மட்டும் எழுதாமல் எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டபோது என்று எழுதினால், எண்ணெய்ச் சாப்பாடு பக்கம் போகாத ஒருத்தி அதையே சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள்.

இலவசமாக வந்தால்

கொஞ்சம் பேர் படிக்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் பொருள் அனுப்பும். வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் முதலிலேயே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் சொல்லியாக வேண்டும். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லேயே இதற்கு விதிகள் கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், பரிசு எல்லாமே அதில் அடங்கும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் "விளம்பரம்", "இலவசமாகக் கிடைத்தது" என்று தமிழிலேயே மேலே போடுங்கள், ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளிக்காதீர்கள். அனுப்பியவர்கள் வெளியிடும் முன் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

வெளியிட்ட பிறகும் பொருளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மழை இறங்கியதும் அதே லிப்ஸ்டிக்கையும் பேலட்டையும் இன்னொரு நாள் போட்டுப் பாருங்கள். குச்சி சாய்ந்துவிட்டதா, வாடை மாறியதா, தூள் இறுகியதா, கீழே விழுந்து உடைந்ததா என்று பழைய விமர்சனத்தின் அடியில் தேதி போட்டு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.